கறிப்பங்கு

காரைக் கோயில் முக்கிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டாய் அல்லவா, கோகிலா? நல்லது. இந்தத் தெருவுக்குள் வந்தால் டயர் மணலில் இறங்கிவிடும். தள்ள ஆள் தேடினால் ஆளெல்லாம் இப்போது கரையில் நிற்கிறார்கள். உட்காரம்மா. அந்த நாற்காலி வேண்டாம், துரு ஏறியது, புடவையில் கறை பிடிக்கும். இதில் உட்கார். உன் அப்பா வர நேரமாகும். வலை இப்போதுதான் பாதி தூரம் வந்திருக்கிறது.

இந்த ஜன்னலில் நின்றாலே தெரியும். கரைவலைக்கு இரண்டு பக்கமும் நீளக் கயிறு. கம்பா என்போம். வடக்குக் கம்பாவில் கடைசி ஆள், தலையில் பச்சைத் துண்டு, தெரிகிறதா? அவர்தான். கொஞ்ச நாளாக அவரைக் கயிற்றைத் தொட விடவில்லை. இன்றைக்குப் போகிற நாள் என்பதால், "ஒரு தடவ கை வச்சிட்டுப் போகட்டும்" என்று சம்மாட்டி விட்டிருக்கிறார். சம்மாட்டி என்றால் வலைக்குச் சொந்தக்காரர். கஸ்பார் என்று பெயர். சத்தம்தான் பெரிது, மனசு அப்படியில்லை.

நான் பெர்பெத்து. பக்கத்து வீடு. அப்பா போனில் சொல்லியிருப்பாரே?

இல்லையா?

ஒரு தடவைகூடவா? சரி. சொல்ல என்ன இருக்கிறது. உன்னைப் பற்றி என்னிடம் எல்லாம் சொல்லியிருக்கிறார், அதனால் கேட்டேன். உன் பையன் இனியன் பால் குடிக்க அடம்பிடிப்பது, உன் வீட்டுக்காரருக்குப் பழனிக்கு வேலை மாறியது, எல்லாம் தெரியும். சரி, விடு.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நீ வந்தது ரொம்பச் சரி. அழைத்துக்கொண்டு போ. இது அவருக்கான ஊர் இல்லை. யாருக்குமான ஊர் என்றும் சொல்ல முடியாது. ஜன்னல் கம்பியை உப்பு தின்றுவிடுகிறது. பிரிட்ஜ் கதவு போன மாதம் கையோடு வந்துவிட்டது. அரிசியில் மணல், தலையணையில் மணல், ஜெபப் புத்தகத்தைத் திறந்தால் அதிலும் மணல். பம்பாயில் இருக்கிற என் தம்பி, "அங்க என்னக்கா இருக்கு, வந்துரு" என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கேட்கிறான். அவன் வீட்டில்தான் உன் அப்பா குடியிருக்கிறார். என்ன இருக்கிறது என்று எனக்கும் சொல்லத் தெரியவில்லை. ஒரு தடவை இந்த ஊரை விட்டுப் போய்ப் பார்த்தவள்தான் நான். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை எனக்கு. பாளையங்கோட்டையில் பி.ஏ. முடித்த கையோடு கிடைத்தது. நடுவில் மதுரைக்கு மாற்றினார்கள். போன முதல் மாதம் தூக்கமே இல்லை. ஏதோ ஒன்று நின்றுபோன மாதிரி இருக்கும். சுவர்க்கடிகாரம் நின்றால் எழுந்து பார்ப்போமே, அந்த மாதிரி எழுந்து எழுந்து உட்காருவேன். கடைசியில், வேலை குறைவாக இருக்கிற மத்தியானங்களில் எங்கள் ஊர் எக்ஸ்சேஞ்சுக்கு லைன் போடுவேன். அங்கே ஜெசிந்தா இருப்பாள். ஒன்றும் பேசமாட்டாள். ரிசீவரை ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடிப்பாள். அவ்வளவுதான். கொஞ்ச நேரம் அலைச் சத்தத்தைக் கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். சட்டப்படி தப்புதான். நீ யாரிடமும் சொல்லாதே.

இதைத்தான் உன் அப்பா ஒரு நாள் வேறு மாதிரி சொன்னார். "மில்லுல அத்தனை வருசம் சத்தத்துக்குள்ளயே இருந்துட்டனுங்க. ரிட்டையர் ஆனேன், அப்புறம் அவளும் போயிட்டா. வூட்டுல சத்தமே இல்லீங்க. அதுல காது வலிக்குமுங்க. இங்க பாருங்க, ராவும் பகலும் ஷிப்டு ஓடுது."

கடலைப் பார்த்து மில் என்று சொன்ன முதல் மனிதர். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் அன்றைக்கு முழுக்க அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நில், பார்த்துவிட்டு வருகிறேன்.

இல்லை, இன்னும் தெற்குக் கம்பா தூரத்தில்தான் இருக்கிறது. இரண்டு கம்பாவும் நெருங்கி நெருங்கி ஒன்றாகச் சேரும்போதுதான் மடி கரைக்கு வரும். மடி என்றால் மீன் சேருகிற பை. காற்றும் சரியில்லை இன்றைக்கு. காலையிலிருந்து நிலை கொள்ளாமல் திரும்பித் திரும்பி அடிக்கிறது.

அவர் வந்ததே ஒரு கதை. திருச்செந்தூர் போகிற பஸ்ஸில் வந்தவர், ஜன்னல் வழியாக வலை இழுப்பதைப் பார்த்து, பாதி வழியில் இறங்கிவிட்டார். முருகனைக்கூடப் பார்க்கவில்லை. பெட்டியோடு என் வாசலில் நின்று, "ஏனுங்க அம்மணி, இங்க வூடு ஏதாச்சும் கிடைக்குமுங்களா?" என்றார். வெயிலில் மூக்கு நுனி சிவந்து, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு. தம்பி வீட்டுச் சாவி என்னிடம் இருந்தது. கொடுத்தேன். பாவம் என்று கொடுத்ததுதான். வேறு ஒன்றும் இல்லை.

மறுநாளே கரைக்குப் போய் நின்றார். அதற்கடுத்த நாள் கம்பாவில் கை வைத்துவிட்டார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் ஊரில் கயிற்றில் கை வைக்கிறவனை யாரென்று கேட்கமாட்டார்கள். இழுக்கிறானா, அவ்வளவுதான். அவர் இழுக்கிற அழகை நீ பார்த்திருக்க வேண்டும். பக்கத்தில் நிற்கிறவனெல்லாம் "ஏலேய், குனிஞ்சு இழுல" என்று கத்துகிறான். இவர் அவனைப் பார்த்து, "சரிங்க, குனிஞ்சுக்கறனுங்க" என்கிறார். பேரன் வயதுப் பையனுக்கும் "ங்க". அன்றைக்குக் கரையே சிரித்தது.

வினை அங்கேதான். எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கம்பாவில் கை வைத்தவனுக்குப் பங்கு உண்டு. ஏலத்துக்குப் போகிற மீன் வேறு. அதற்கு முன்னால் வீட்டுக் கறிக்கு என்று ஆளுக்கு ஒரு குவியல் மணலில் வைப்பார்கள். கறிப்பங்கு. இழுத்த ஆண் அந்தக் குவியலைத் தொடமாட்டான். அவன் வீட்டுப் பெண்தான் வந்து அள்ள வேண்டும். அம்மாவோ பெண்டாட்டியோ மகளோ, அவன் வீட்டவள். பெண் இல்லாத வீட்டுக்காரன் வேறு வேலை பார்ப்பானே தவிர, கம்பாவுக்கு வரமாட்டான். அள்ளாமல் ஒரு குவியல் மணலில் கிடந்தால் கடல் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் என்பார்கள். நான் இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை.

அன்றைக்கு கஸ்பார் குவியல் வைத்துவிட்டு, "அய்யா, ஒங்க வீட்டு ஆளை வரச் சொல்லுங்க" என்றார்.

"எனக்கு வேண்டாமுங்க. நான் சைவமுங்க. சும்மா ஒடம்புக்கு ஆகட்டும்னுதான் இழுத்தனுங்க."

"ஒடம்புக்கா? ஏ, கடலு என்ன ஜிம்மாய்யா?"

கரையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் கஸ்பார் சிரிக்கவில்லை. குவியல் கிடந்தது. நல்ல சாளை, கண் இன்னும் மங்கவில்லை. காக்கைகள் வந்து சுற்றிலும் உட்கார்ந்தன. உன் அப்பா என்ன தப்புச் செய்தோம் என்று தெரியாமல் குவியலையும் ஆட்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் இதே ஜன்னலில்தான் நின்றிருந்தேன். எனக்குப் பொறுக்கவில்லை. நல்ல மீன் வீணாகப் போகிறதே என்று. சட்டியை எடுத்துக்கொண்டு போய், குனிந்து, அள்ளிவிட்டேன்.

மீனுக்காகத்தான். ஏன் அப்படிப் பார்க்கிறாய்?

தெரியும்தான். வழக்கம் எனக்குத் தெரியாமல் எப்படிப் போகும், நான் இந்த ஊரில் பிறந்தவள். ஆனால் என்னைப் போலப் படித்து, சர்க்கார் வேலை பார்த்தவள் ஒரு காரியம் செய்தால், அதை ஊர் அப்படி எடுத்துக்கொள்ளாது என்று நினைத்தேன். அறுபது தாண்டியவள். வீட்டுக்காரர் அல்போன்ஸ் போய் எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி, ஒத்தாசைக்கு அள்ளுகிறாள். இதில் என்ன இருக்கிறது?

அப்படியே அது நாள்தோறும் ஆகிவிட்டது. இழுத்து முடித்ததும் குவியல் வைப்பார்கள். பெண்கள் ஒரு வரிசையாக நிற்போம். லீதியாவுக்கு அப்புறம் நான், எனக்கு அப்புறம் அமலி. உனக்கு ஒன்று தெரியுமா, இந்த ஊரில் பிறந்து வளர்ந்தும் நான் அந்த வரிசையில் நின்றதே இல்லை. அப்பா பள்ளிக்கூடத்தில் குமாஸ்தா. வீட்டுக்காரர் கப்பலில் போனவர். கம்பா பிடிக்கிற ஆண் எங்கள் வீட்டில் ஒருவரும் இல்லை. சின்ன வயதில் மற்றப் பிள்ளைகள் சட்டியோடு ஓடும்போது நான் மதில் பக்கம் நின்று பார்ப்பேன். இப்போது போய் நின்றால், கால் விரலுக்கு நடுவில் ஈர மணல். லீதியா என்னை மதினி முறை வைத்துத்தான் கூப்பிடுவாள், வாயைத் திறந்தால் மூடமாட்டாள். "மயினி, இன்னைக்கு ஒங்க ஆளு கயித்த இழுக்காவளா, கயிறு அவியள இழுக்கா?" என்பாள். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்போம். ஒங்க ஆளு என்றால் பக்கத்து வீட்டு ஆள், அவ்வளவுதானே? எக்ஸ்சேஞ்சில் காலம் முழுக்க அடுத்தவர் பேச்சைக் கேட்டவள் நான். எனக்குத் தெரியாமல் இந்த ஊரில் ஒரு பேச்சு நடக்காது.

மீனை நான் வைத்துக்கொண்டேன். சும்மா வைத்துக்கொள்ளலாமா? அதனால் அவருக்கு ஒரு ரசம், ஒரு வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு, மதில் வழியாகக் கொடுப்பேன். மீன் சட்டி வேறு, அவருக்குச் சட்டி வேறு. இதற்கென்று புதிதாகவே வாங்கினேன். உன் அம்மா படத்துக்கு வைக்க என் வாசல் நந்தியாவட்டையைப் பறித்துக்கொள்வார். நானே பறித்து வைத்துவிடுவேன் சில நாள். அவள் நெய் அதிகம் விட்டுப் பருப்புக் கடைவாள் என்று சொன்னார். நானும் செய்து பார்த்தேன். சரியாக வரவில்லை. வந்ததென்று பொய் சொன்னார்.

கொஞ்சம் இரு. கூச்சல் கேட்கிறது.

இல்லை, ஒன்றுமில்லை. கயிறு மாற்றிப் பிடிக்கிறார்கள். நீ தண்ணீர் குடி. நம் ஊர்த் தண்ணீர் இல்லை, கேன் தண்ணீர்தான்.

எங்கே விட்டேன்? லீதியா மகள் கல்யாணம். எங்களூரில் கல்யாணத்துக்குச் சொல்ல வருகிறவர்கள் வீட்டு வாசலில் நின்று, வீட்டுக்காரரையும் வீட்டுக்காரியையும் பெயர் சொல்லி அழைப்பார்கள். சீனியும் வெற்றிலையும் கொடுப்பார்கள். லீதியா வந்தாள், கூட இரண்டு பெண்கள். என் வாசலில் நின்று சத்தமாகச் சொல்கிறாள், "பெர்பெத்து மயினி, கொழந்தவேலு அண்ணாச்சி, ரெண்டுபேரும் சனிக்கிழம காலையிலேயே வந்துரணும்."

என் பெயரோடு சேர்த்து உன் அப்பா பெயர். எனக்குப் புரியவில்லை. "அவிய வீட்டுலயும் போய்ச் சொல்லிரு லீதியா" என்றேன்.

"அதான் சொல்லியாச்சே மயினி. ஒரு வீட்டுக்கு ரெண்டு தடவையா சொல்லுவாவ?"

அந்தச் சீனி என் உள்ளங்கையில் அப்படியே இருந்தது. கூட வந்த பெண்கள்கூடச் சிரிக்கவில்லை, தெரியுமா? சிரித்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். சாதாரணமாக, பால்காரருக்குச் சொல்கிற மாதிரி சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்கள். அதாவது தம்பி வீட்டைத் தாண்டி, அதற்கடுத்த வீட்டுக்கு.

கல்யாணத்துக்கு நான் போகவில்லை. மறுநாள் கரைக்கும் போகவில்லை. மதிலண்டை நின்று அவரிடம் சொல்லிவிட்டேன், இனிமேல் உங்கள் மீனை நான் எடுக்க முடியாது என்று. "சரிங்க" என்றார். அவ்வளவுதான். ஏன் என்று கேட்கக்கூடாதா ஒரு மனிதர்? சாயங்காலம் என் பாத்திரத்தையெல்லாம் கழுவி, துடைத்து, பெரியதில் சின்னதை அடுக்கி மதில்மேல் வைத்துவிட்டுப் போனார். ஒரு ஸ்பூன்கூடப் பாக்கியில்லை.

ஆனால் கம்பாவை விடவில்லை. பிடிவாதம். தினமும் போய் இழுத்தார். கஸ்பாரும் தினமும் குவியல் வைத்தார். அது கிடந்தது. காக்கை தின்றது, நாய் இழுத்தது. நான் ஜன்னலைச் சாத்திவிட்டேன். அப்புறம் வலையில் சொறி வர ஆரம்பித்தது. ஜெல்லி மீன். வலை முழுக்கக் கொழகொழவென்று அதுதான். தொட்டால் கை எரியும். காற்று மாறினால் சொறி வரும், எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஆட்கள் வேறு மாதிரி முணுமுணுத்தார்கள். ஒரு நாள் கஸ்பார் வந்து, "அய்யா, ஒண்ணும் நினைக்கப்பிடாது. கொஞ்ச நாளு கம்பாவுல கை வைக்காண்டாம்" என்று சொல்லிவிட்டார். உன் அப்பா தலையை ஆட்டினார். அப்புறமும் தினம் போய் நின்றார், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. அவர்கள் இழுக்கும்போது இவர் தோளும் கூடவே அசையும். நான் பார்த்தேன். ஜன்னல் சாத்தியிருந்தாலும் இடுக்கு வழியாகத் தெரியும்.

அப்புறம்தான் உனக்குப் போன் செய்திருக்கிறார்.

என்ன சொன்னார்?

"அசலூர்க்காரன் அசலூர்க்காரன்தான், கண்ணு" என்றா? அப்படியா சொன்னார்?

ஊர்தான் இப்படிச் செய்துவிட்டது. பார்த்தாயா, ஒரு நல்ல மனிதரை. வழக்கமாம், வழக்கம். நான் என்ன செய்ய முடியும்? என் பெயரும் இருக்கிறதல்லவா? நாளைக்கு என் தம்பி காதுக்குப் போனால்? ஜெசிந்தா கேட்டால்? நான் ஒதுங்கிக்கொண்டது அவருக்கும் நல்லதுக்குத்தான்.

ஆனால் இன்றைக்குக் காலையில் குழாயடியில் லீதியா ஒன்று சொன்னாள். அதிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. அடுப்பில் பாலை வைத்து மறந்து, பொங்கி வழிந்து, வீடு முழுக்கத் தீய்ந்த வாடை, உனக்கு வரவில்லையா? நான் அவளிடம், "ஒங்களாலதான் அந்த மனுசன் போறாரு, என்னென்னமோ கட்டிவிட்டிய" என்று சண்டைக்குப் போனேன். அவள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே, "நாங்க என்னத்தக் கட்டுனோம் மயினி? அண்ணாச்சிக்குத்தான் மொதல்லயே தெரியுமே. நீங்க ரெண்டாந் தடவ அள்ளும்போதே கஸ்பார் மாமா அவியகிட்டக் கேட்டாச்சு" என்றாள்.

என்னவென்று கேட்டார் என்றேன்.

"இங்க ஒருத்தி வந்து அள்ளுனா அதுக்கு இன்ன அர்த்தம், ஒமக்குச் சம்மதமாய்யான்னு கேட்டாவ. அண்ணாச்சி கையில இருந்த மணலத் தட்டிவிட்டாவளாம். பெறகு, அவங்களுக்குச் சம்மதம்னா எனக்குச் சம்மதமுங்கன்னாவளாம். நீங்களும் நாள்தவறாம வந்து அள்ளுனிய. பெறகு நாங்க என்ன நினைக்க?"

கேட்டாயா? தெரிந்திருக்கிறது. இத்தனை நாளும் தெரிந்துகொண்டே ரசத்தை வாங்கியிருக்கிறார். தெரிந்துகொண்டே நந்தியாவட்டை பறித்திருக்கிறார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? நான் முடியாது என்றபோதாவது வாயைத் திறந்திருக்கலாமே? சரிங்க! எதற்கெடுத்தாலும் ஒரு சரிங்க! அவர் போனால் எனக்கென்ன? நான் பாட்டுக்கு இருந்தவள். இனியும் என் பாட்டுக்கு இருப்பேன். ஜன்னலைத் திறந்து வைத்தால் கடல் சத்தம் கேட்கும், போதும்.

நீயும் தலையை ஆட்டிக்கொண்டே இருக்கிறாய். அப்பா மாதிரிதான்.

இதோ, சேர்ந்துவிட்டது. இரண்டு கம்பாவும் சேர்ந்துவிட்டது பார், மடி வந்துவிட்டது. ஓடுகிறார்கள். வெள்ளையாகத் துள்ளுகிறது, சொறி இல்லை, மீன்தான். நெத்திலியாக இருக்கும். உன் அப்பா மணலில் உட்கார்ந்துவிட்டார், மூச்சு வாங்குகிறது போலிருக்கிறது. இல்லை, எழுந்துவிட்டார். சிரிக்கிறார்.

குவியல் வைக்கப் போகிறார்கள். இன்றைக்கு அவருக்கும் வைப்பார்கள், கை வைத்திருக்கிறாரே. நல்ல வேளை, நீ இருக்கிறாய். மகள் இருக்கும்போது வேறு யார் வேண்டும்? முறைப்படி நீதான். இந்தா, சட்டியைப் பிடி. செருப்பைக் கழற்றிவிட்டுப் போ. பயப்படாதே, மீன் கடிக்காது, நீ சாப்பிடவும் வேண்டாம், அப்படியே லீதியாவிடம் கொடுத்துவிடலாம். அள்ளினால் போதும். அள்ளிவிட்டால், வந்தார், இழுத்தார், மகள் வந்து பங்கை எடுத்து, அழைத்துக்கொண்டு போனாள் என்று கௌரவமாக முடிந்துவிடும். யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். லீதியா சிவப்புச் சேலை, தெரிகிறதா? அவளுக்கு அப்புறம் அமலி. அவர்களுக்கு நடுவில் ஒரு ஆள் நிற்கிற இடம் விட்டிருக்கிறது பார்.

விட்டுத்தான் நிற்கிறார்கள்.

போ, போ. படியில் பார்த்து இறங்கு.

நில், கோகிலா.

அந்தச் சட்டியைக் கொடு. கொடு என்கிறேன். உனக்கு அது பிடிக்கத் தெரியவில்லை. நீ நாற்காலியில் உட்கார்ந்துகொள். டிரைவருக்குப் பசிக்கும், அடுப்படியில் சோறும் பருப்பும் இருக்கிறது, கூப்பிட்டுக் கொடு. என் முந்தானை பின்னால் சரியாக இருக்கிறதா? சரி.

இல்லை, நீ வராதே. கூட வந்து நின்றால், மகள் வந்து எடுத்துப் போனாள் என்றுதான் ஊர் சொல்லும். நீ இங்கேயே இரு.